ஆபீசர் திங்காத ஜெல்லி

கர்ச்சீப்ப எடுங்க தம்பி, மூச்சு முட்டிரும். நாறுறது நாந்தான். இந்தத் தூக்குச்சட்டி இல்ல. ஏறுனதுலருந்து நீங்க தூக்குச்சட்டியவே மொறைக்கிறிய, நானும் பாத்துட்டுத்தான் வாரேன். அது ஒரு பாவமும் செய்யல. என்னய மொறைங்க. எனக்குப் பழக்கம்.

வேற சீட்டுக்குப் போவணும்னாலும் போங்க, கோவிக்க மாட்டேன். ஆனா எங்க போவிய, பஸ்ஸுல நிக்கவே எடமில்ல. கண்டக்டரே என்னயக் கண்டா முன்வாசல்ல எறங்கி பின்வாசல்ல ஏறுவாரு. சன்னல இன்னுங் கொஞ்சம் தள்ளுங்க. ஆங். உங்க ஷூவுல சொட்டுறது ஐஸ் தண்ணி. மீன் ஐஸு இல்ல, சர்பத் கடை ஐஸு, பயப்படாதிய. தூக்குச்சட்டிய சுத்தி ஐஸ வச்சுக் கட்டிருக்கேன். வெயில் பட்டா உள்ள இருக்குறது உருகிரும். உருகிருச்சுன்னா நான் காயல்பட்டணத்துல எறங்குறதும் ஒண்ணு, முக்காணி ஆத்துல குதிக்கிறதும் ஒண்ணு.

நீங்க திருச்செந்தூருக்கா. கோயிலுக்கா, வேலைக்கா? பேங்கு வேலையா. சரி சரி. மீனு திம்பியல்லா? அப்ப சொல்லலாம். கோயிலுக்குப் போறவங்ககிட்ட நான் இந்தப் பேச்ச எடுக்குறதில்ல.

எம் பேரு பிலோமி. தூத்துக்குடி மீன் மார்க்கெட்டுல மீன் அறுக்குறவ. நீங்க மீன வாங்கிட்டு வருவிய, நான் செதில சொரண்டி, கொடல எடுத்து, துண்டு போட்டுக் குடுப்பேன். சின்னப் பிள்ளையில டீச்சர் கையில பிரம்ப எடுத்தாவ, நான் அருவாமணைய எடுத்துட்டேன். பள்ளிக்கூடம் அவ்வளவுதான்.

கிளாத்தி மீனு தெரியுமா உங்களுக்கு? பேங்கு ஆளு, கொழம்புல வந்தாத்தான் தெரியும். அந்த மீனுக்குத் தோலு செருப்பு மாதிரி இருக்கும். உரிக்காம அடுப்புல வச்சா சட்டிதான் வேவும். அதனால உரிச்சுத்தான் குடுக்கணும். பாறை மீனையும் ஓட்டலுக்காரங்க தோலில்லாமத்தான் கேப்பாவ. ஆக, மத்தியானத்துக்குள்ள என் பக்கத்துல தோலு மலை மாதிரி குமிஞ்சிரும். குப்பை வண்டிக்காரன் வந்தா தெனம் சண்டை. அவன் 'இது குப்பையா, பொணமா'ம்பான். நான் 'ஒன்ன மாதிரிதான், ரெண்டுங் கலந்தது'ம்பேன்.

அப்படி இருக்கையில ஒரு டீச்சரம்மா எங்க பொம்பளைய குழுவுக்கு வந்து, இந்தத் தோல்லருந்து திங்குற ஜெல்லி செய்யலாம்னாவ. நாங்க சிரிச்ச சிரிப்புல ஏலக்கூடத்துல ஏலமே நின்னு போச்சு. ஆனா செஞ்சு காட்டுனாவ தம்பி. தோல நல்லாக் கழுவி, சுண்ணாம்புத் தண்ணியில ஊற வச்சு, அலசி, பெறவு எலுமிச்சம்பழத் தண்ணியில ஊற வச்சு, அதையும் அலசி, வெதுவெதுன்னு தண்ணியில பைய சூடு காட்டணும். தோலு கரைஞ்சு கஞ்சித் தண்ணி மாதிரி வரும். துணியில வடிகட்டி ஆற வச்சா, கெட்டியா நிக்கும். தட்டுனா ஆடும். காய வச்சுப் பொடிச்சும் வச்சுக்கிடலாம், கெட்டுப் போவாது.

இத நான் நெய்னா காக்காகிட்டச் சொன்னேன், காயல்ல அண்ணன காக்கான்னுதான் சொல்லுவாவ. காயல்பட்டணத்துல பலூடா கடை வச்சிருக்காவ, வாரா வாரம் என்கிட்டத்தான் பாறை மீனு அறுக்கக் குடுப்பாவ. கேட்டதும் கண்ண அகல விரிச்சாவ. "பிலோமி, கடையில விக்கிற ஜெல்லிப் பொடி எந்த உயிரோட தோலுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத நான் வாங்குறதில்ல. கடல்பாசியில செஞ்சு போடுறேன், அது வெடுக்குன்னு ஒடையுது. ஆட மாட்டேங்குதுன்னு பிள்ளைய அழுவுது. மீன் தோல்ல செஞ்சது எங்க மார்க்கத்துக்கு ஆகும். கொண்டா. ஆனா ஒரு பேச்சு. வாடை வரக்கூடாது. ஒரு பிள்ளை மூக்கச் சுளிச்சா என் கடை போச்சு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "காக்கா, வாடை வந்தா என் பேர மாத்தி வைங்க"ன்னேன். வாய் இருக்கே தம்பி, அதுக்கு ஒரு மூடி வாங்கணும்.

இது வெளையாட்டுக்குச் சொல்ற விசயமில்ல. அடுத்த வாரம் தடைக்காலம். போட்டு கடலுக்குப் போவாது, மீனு கொறைஞ்சிரும், அறுக்க எங்களுக்கு வேலை இருக்காது. போன தடைக்காலத்துல நாங்க பொம்பளைய எல்லாம் செங்கல் சொமக்கப் போனோம். எங்க ஜெபமாலை அக்கா சாரத்துலருந்து விழுந்தா. இப்ப நடந்தா நண்டு மாதிரி ஒரு பக்கமா நடப்பா. அதுக்கும் நாந்தான் அவள நண்டுன்னு கேலி பண்ணுவேன், அவ என்னய வெளக்கமாத்தால அடிப்பா. ஆனா இன்னொரு வாட்டி அவள நான் சாரத்துல ஏத்த மாட்டேன். காக்கா ஜெல்லி வாங்குனாருன்னா, சேத்து வச்ச தோலு இருக்கு, உப்புப் போட்டுக் காய வச்சிருக்கோம், தடைக்காலம் பூரா ஒக்காந்த எடத்துல வேலை. வாங்கலன்னா செங்கல்லு.

சரி, செஞ்சோம். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஜெபமாலை மோந்து பாத்தா, வாடை இல்லன்னா. நான் மோந்து பாத்தேன், இல்ல. குழுவுல எல்லாரும் மோந்து பாத்தோம், கொஞ்சங்கூட இல்ல. பெறவுதான் எனக்கு ஒறைச்சுது. ஏட்டி, நமக்கு மீன் வாடை எப்பட்டி தெரியும்? பொறந்ததுலருந்து அதுக்குள்ளயே கெடக்கோம். அடுத்த தெருவுல மல்லியப்பூ கட்டுனா எனக்குத் தெரியும், மருமவன் சோப்பு மாத்துனா தெரியும், மீன் வாடை மட்டும் தெரியாது. எங்க மூக்கெல்லாம் அந்த விசயத்துல செத்துப்போன மூக்கு.

அப்ப ஒரு நல்ல மூக்கு வேணும். மார்க்கெட்டுல அலைஞ்சு பாத்தா எல்லாம் நம்ம மூக்கு. பெறவு பாத்தா நல்ல மூக்கு எங்க வீட்டுக்குள்ளயே இருக்கு. என் மருமவன்.

எம் மவ கிறிஸ்டியக் கெட்டுன பையன், அமலதாசு. காமநாயக்கன்பட்டி, கோவில்பட்டிப் பக்கம். கடல்னா அந்தப் பையனுக்கு படத்துல பாத்தது. இங்க ஹார்பர்ல எடை மேடையில வேலை, அதனால எங்களோடதான் இருக்காவ. தங்கமான பையன். என் சமையல ஒரு நாளும் கொறை சொன்னதில்ல. ஒரு நாளு நான் கொழம்புல உப்பே போடல. கிறிஸ்டி தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டா. மருமவன் மட்டும், "நல்லாருக்கு அத்தை"ன்னாரு. வளத்த வளப்பு அப்படி.

நான் மருமவன் மொவத்துக்கு நேரா நின்னு பேசுறதில்ல தம்பி. எங்க வழக்கம் அது. கதவுக்குப் பின்னால நின்னுதான் பேசணும். எங்க அடுப்படிக்குக் கதவு இல்ல, அதனால பிரிஜ்ஜுக்குப் பின்னால நின்னு பேசுவேன். "மருமவனே, இது புதுசா ஒரு ஜெல்லி. திண்ணு பாத்து, வாடை வருதான்னு சொல்லணும்"னேன். ரோஸ்மில்க்கு எசன்சு ஊத்தி, செவப்பா, தட்டுல ஆடிட்டு நிக்கிது. அவரு தட்ட வாங்கிட்டு காத்தாட சன்னல் பக்கமாப் போயி ஒக்காந்தாரு. கொஞ்ச நேரங்கழிச்சு தட்டு திரும்ப வந்துச்சு, கழுவி வச்ச மாதிரி. "நல்லாருக்கு அத்தை. வாடையே இல்ல."

எனக்கு அப்ப வந்த சந்தோசத்துக்கு, மறுநாளும் ஒரு தட்டு குடுத்தேன். அதுக்கு மறுநாளும். தெனமும் அதே சன்னலு, அதே தட்டு, "நல்லாருக்கு அத்தை."

இதுல இன்னொரு அதிசயம். எங்க மார்க்கெட்டுல ஒரு கடுவன் பூனை உண்டு. ஆபீசர்னு கூப்புடுவோம். யாரையும் மதிக்க மாட்டாரு, ஒவ்வொரு கடையா வருவாரு, மோந்து பாப்பாரு, தனக்குள்ளத எடுத்துட்டு அடுத்த கடைக்குப் போவாரு. அந்த ஆபீசர் இப்ப எங்க வீட்டுச் சன்னலுக்கு அடியிலயே குடியிருக்காரு, நல்லாக் கொழுத்துட்டாரு. நான் ஜெபமாலைகிட்டச் சொன்னேன், "பாத்தியா, ஜெல்லி தொடங்குன ராசி. பூனைக்குக்கூட ஒடம்பு தேறிருச்சு."

சிரிங்க, சிரிங்க. நீங்க இப்பவே கண்டுபிடிச்சிட்டிய. பேங்கு மூளை. எனக்கு அப்பத் தெரியலயே.

நானும் ஜெபமாலையும் தலைய எண்ணெ வச்சு வாரி, இதே பஸ்ஸுல, இதே தூக்குச்சட்டியில கொண்டு போனோம். நெய்னா காக்கா ஒரு கரண்டி எடுத்து வாயில வச்சாவ. வச்ச கரண்டிய வெளிய எடுக்கல. கண்ணு ரெண்டும் சொவர்ல இருக்குற காலண்டரப் பாக்குது. பெறவு எந்திரிச்சுப் பின்னால போயிட்டு வந்தாவ. வாய் கொப்புளிச்ச சத்தங் கேட்டுச்சு. நல்ல மனுசன், எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தாவ. அதுக்கப்புறந்தான் சொன்னாவ. "பிலோமி, இத வாயில வச்சதும் ஏலக்கூடத்துக்குள்ள நொழைஞ்ச மாதிரி இருக்கு. இன்னும் ஒரே ஒரு வாட்டி கொண்டா. அன்னைக்கும் இப்படி இருந்தா, ஜெல்லிப் பேச்ச விட்டுரு. மீனு மட்டும் பேசுவோம்."

திரும்பி வரையில முக்காணிப் பாலத்துல ஜெபமாலை சொன்னா, "ஏட்டி பிலோமி, ஒன் மருமவனுக்கு மொவத்துல இருக்குறது மூக்கா, கண்ணாடி மாட்டுற ஆணியா?" எனக்குக் கோவம் வந்துட்டு. எம் மருமவன ஒரு சொல்லு சொல்ல விடுவேனா. "காக்காவுக்குச் சளி புடிச்சிருக்கு"ன்னேன்.

அன்னைக்கு வீட்டுக்கு முன்வாசல் வழியாப் போவ மொவமில்லாம பின்பக்கச் சந்து வழியாப் போறேன். சன்னலுக்கு அடியில ஆபீசர் ஒக்காந்திருக்காரு. மேல பாத்துட்டு வால ஆட்டுறாரு. பாத்தா, சன்னல் கம்பிக்கு நடுவுல ஒரு கை வருது. கையில தட்டு. தட்டு சரியுது. செவப்பா என் ஜெல்லி, பொளக்குன்னு ஆபீசர் முன்னால விழுவுது. கம்பிக்குப் பின்னால எம் மருமவன், இன்னொரு கையால மூக்கப் பொத்திட்டு.

நீங்க இப்பப் பொத்துன மாதிரியேதான்.

மருமவன ஏச முடியுமா தம்பி? மொவத்தப் பாத்துப் பேசவே கூடாது, பெறவு எங்க ஏச? ஆனா உள்ள கொதிக்கி. என்ன செய்ய, பூனைய ஏசுனேன். சந்துல நின்னுட்டு, தெருவே கேக்க. "ஏய்யா ஆபீசரே, நாறுதுன்னா நாறுதுன்னு சொல்ல ஒமக்கு வாயில்லையாவே? நல்லாருக்கு நல்லாருக்குன்னு திண்ணு திண்ணு என் மானத்தக் காயல்பட்டணத்துல கொண்டு வித்துட்டீரே. ஒம்ம நம்பி எத்தன பொம்பளைய கெடக்கோம். ஜெபமாலை திரும்பவும் சாரத்துல ஏறணுமாவே?" ஆபீசர் மீசைய நக்கிட்டு என்னயப் பாக்காரு. அவருக்கு என்ன, அவரு உண்மையிலயே நல்லாருக்குன்னுதான் திண்ணாரு.

உள்ள மருமவன் எம் மவகிட்டச் சொல்ற சத்தங் கேக்குது. எனக்குக் கேக்கணும்னே சத்தமாச் சொல்றாரு. "கிறிஸ்டி, அத்தைகிட்டச் சொல்லு. அத்தை கையால குடுக்குறத நல்லாயில்லன்னு நான் எப்படிச் சொல்ல? எங்க அப்பா கல்யாணத்தன்னைக்கே சொல்லித்தான் அனுப்புனாரு, மாமியா வீட்டுல என்ன வச்சாலும் நல்லாருக்குன்னு சொல்லிருன்னு." நான் பூனைகிட்டச் சொன்னேன், "ஆபீசரே, இனிமே உள்ளதச் சொல்லும். நான் கோவிக்க மாட்டேன்." உள்ளருந்து, "சரின்னு சொல்லு கிறிஸ்டி."

மறுநாளு புதுசாச் செஞ்சு குடுத்தேன். பிரிஜ்ஜுக்குப் பின்னால நின்னு, "மருமவனே, மாதா மேல ஆணையா உள்ளதச் சொல்லுங்க"ன்னேன். பையன் மொவமெல்லாம் வேர்த்து, கண்ணுல தண்ணி கட்டி, "நல்லா... நல்லாத்தான் இருக்கு அத்தை." பாவம். வராது. நாக்கு அப்படியே படிஞ்சு போச்சு.

அப்பத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. ஏ, இந்த வீட்டுல பொய் சொல்லத் தெரியாத ஒரு மூக்கு இருக்கே. சன்னலுக்கு வெளிய இருக்கே.

ஆபீசர மார்க்கெட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். எல்லாரும் சுத்தி ஒக்காந்துட்டோம். ஒரு தட்டு ஜெல்லிய முன்னால வச்சேன். ஒரே நக்கு, தட்டு காலி. சரி, இது நாறுது. ஏன் நாறுதுன்னு ஒக்காந்து யோசிச்சோம். தோலுக்கு உள்பக்கம் கறுப்பா ஒரு கறி ஒட்டிருக்கும், அத நாங்க விட்டுட்டோம். டீச்சரம்மா அத வழிக்கச் சொன்னாவ. எங்களுக்குத்தான், கறிய வீணாக்க மனசு வரல. சுண்ணாம்புத் தண்ணிய அடிக்கடி மாத்தச் சொன்னாவ, எங்க ஊருல தண்ணி லாரி வாறதே திருவிழா மாதிரி, அதனால ஒரே தண்ணியில போட்டு வச்சோம். எல்லாத்துக்கும் மேல ஜெபமாலை அத தளதளன்னு கொதிக்க வச்சிருக்கா. வெதுவெதுப்புத்தான் வேணும்னு சொன்னதுக்கு, "கொதிக்காதது எப்பிடிட்டி வேவும், நான் எத்தன வருசமா ஒல வைக்கேன்"ங்குறா. நண்டுக்குப் புடிவாதமும் உண்டு.

வழிச்சோம். தண்ணிய மாத்துனோம், குடிக்கிற தண்ணியில மிச்சம் புடிச்சு. ஜெபமாலைய அடுப்புப் பக்கமே விடல. மறுபடி வச்சோம். ஆபீசர் நக்குனாரு, நிறுத்துனாரு, யோசிச்சாரு, திரும்பவும் நக்குனாரு. பாதித் தட்டு. அட, நெருங்கிட்டோம்ட்டி. இன்னும் வழிச்சோம், இன்னும் அலசுனோம். அடுத்த தட்டுக்கு வந்தாரு. மோந்தாரு. என்னய ஒரு பார்வ பாத்தாரு தம்பி, ஏதோ நான் அவர ஏமாத்திப்புட்ட மாதிரி. பின்னங்கால ஒதறிட்டு, வாலத் தூக்கிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டாரு.

எங்களுக்குச் சந்தேகம், வயிறு நெறஞ்சிருக்குமோன்னு. ஒரு சாளை மீன் தலையத் தூக்கிப் போட்டோம். பறந்து வந்தாரு. அப்ப பசி இருக்கு. ஜெல்லிதான் புடிக்கல. அன்னைக்கு நாங்க போட்ட சத்தத்துல குப்பை வண்டிக்காரன் வண்டிய நிறுத்திட்டு என்ன கல்யாணமான்னு கேட்டான். ஜெபமாலை அந்த ஒடஞ்ச காலோட ஆடுனா. நண்டு ஆடி நீங்க பாத்ததில்லயே.

அந்த ஜெல்லிதான் இது. இன்னைக்கு ரெண்டாவது வாட்டி. ஜெபமாலை வரலன்னுட்டா, மார்க்கெட்டுல ஒக்காந்து செபமாலை உருட்டுறா. பலூடா கடைக்குப் போயிட்டு ஒரு போன் போடுறேன்னு சொல்லிருக்கேன்.

மருமவன் மேல எனக்கு வருத்தமெல்லாம் கெடையாது. ஜெல்லி விசயத்துல மட்டுந்தான் பையன் அப்படி. என் கொழம்ப நல்லாருக்குன்னு சொல்றது நெசம். அதுல பொய் சொல்ல என்ன இருக்கு? நேத்தும் பருப்புக் கொழம்பு வச்சேன், சன்னல் பக்கம் ஒக்காந்து தட்டக் காலி பண்ணிட்டாரு. ஆபீசரும் கீழ நின்னாரு. பருப்புல அவருக்கு என்ன இருக்கு? பழக்கம், வேறென்ன.

நீங்க எதுக்கு அதுக்குப் போயி இப்படிச் சிரிக்கிய.

சரி தம்பி, ஒண்ணு கேக்கேன். பூனை வேண்டாம்னுட்டு, அது சரி. ஆனா காக்கா பூனை இல்லயே. பூனைக்குப் புடிக்காதது மனுசனுக்குப் புடிக்கணும்னு ஏதும் இருக்கா? ராத்திரி பூரா இதுதான் ஓடுது. ஆறுமுகநேரி வந்துட்டு. அடுத்தது காயலு. உங்களுது கடக்கரை படாத மூக்கு, நான் ஏறுனதும் பொத்துனியல்லா, அதப் பாத்துத்தான் பக்கத்துல வந்து ஒக்காந்தேன். வேற எடமில்லன்னா நெனச்சிய?

இந்தாங்க. கரண்டி புதுசு. மொதல்ல மோந்து பாருங்க. என் கைய மோக்காதிய, ஜெல்லிய மட்டும். ம். இப்ப வாயில வைங்க. பைய. கடிக்காண்டாம், அதுவே கரையும்.

சன்னலப் பாக்காதிய. என்னயப் பாருங்க.

நல்லாருக்கா? அந்தச் சொல்ல மட்டும் சொல்லாதிய தம்பி, அந்தச் சொல்லால நான் பட்டது போதும். நீங்க எனக்கு மருமவன் இல்ல. உள்ளதச் சொல்லுங்க.

என்ன கரண்டிய நீட்டுறிய. இன்னொண்ணா?

இன்னொண்ணா கேக்கிய?

குடுக்க மாட்டேன். இது காக்காவுக்கு. வேணும்னா காயல்ல வந்து பலூடா வாங்கித் திண்ணுங்க. அந்தா ஸ்டாப்பு வந்துட்டு, எறங்கணும், காலத் தள்ளுங்க. கண்டக்டரே, இந்தப் பக்கம் பாரும், நான் எறங்குறேன், உமக்குச் சந்தோசந்தான்.

தம்பி, உங்க கர்ச்சீப்பு கீழ கெடக்கு. ஆத்தூர் தாண்டுனதும் விழுந்துட்டு. நாந்தான் சொல்லல.